மஞ்சள் நகங்கள்

டென்மார்க்கின் வைலேயில் ரயிலேறி என் பக்கத்தில் உட்கார்ந்தவரின் நனைந்த கம்பளிக் கோட்டிலிருந்து வந்த நெடி, இன்று கார் நிறுத்துமிடமாகிவிட்ட பிராண்டேயின் பழைய கம்பளித் தொழிற்சாலைக்கு என்னை இழுத்துப் போய்விட்டது. சிறுவயதில் பள்ளிக்கூடம் விட்டதும், அம்மா வேலை செய்த துணி பார்க்கும் அறையின் மூலையில் இருந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். தறிகளின் இரைச்சல் சுவரைத் தாண்டி வந்து என் மேசையை அதிரவைக்க, வெள்ளைத் துணி ஈரமும் ஆட்டு வாடையுமாக மெல்ல ஊர்ந்துவர, அம்மா ஒரு பக்கமும் அவளோடு வேலை செய்த டேனிஷ்காரி கிர்ஸ்டன் மறுபக்கமும் நின்று விரல்களால் தடவித் தடவிப் பழுது தேடுவார்கள்.

அன்று மேற்பார்வையாளர் இயந்திரத்தை நிறுத்தினார். துணியின் ஓரம் நெடுக மஞ்சள் புள்ளிகள். எண்ணெயா, சாயமா என்று அவர் குனிந்து முகர்ந்தபோது எனக்கு விளங்கிவிட்டது. மத்தியானம் அம்மா கையால் குழைத்துச் சாப்பிட்ட கறியின் மஞ்சள், எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் நகத்தை விட்டுப் போகாது. துணியைப் பழுதாக்கிய ஒருத்தியை முந்தின மாதம்தான் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அம்மா கைகளை ஏப்ரனுக்குள் மறைத்தாள்.

"வாய் திறக்காதை பிள்ளை" என்றாள், உதடு அசையாமல்.

"யாருடைய கை பட்டது இதில்?" என்று அவர் டேனிஷில் கேட்டார்.

கிர்ஸ்டன் தன் கையை விளக்கு வெளிச்சத்தில் நீட்டினாள். தினமும் அம்மாவின் சாப்பாட்டில் பங்கு கேட்டு, கரண்டியை விட்டுவிட்டுக் கையால் சாப்பிடப் பழகியவள். ஐந்து நகங்களும் மஞ்சள்.

"என்னுடையது" என்றாள்.

இருபது வருடமாக அவளைத் தெரிந்த மேற்பார்வையாளர், துணியை இன்னொரு தரம் பார்த்துவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டார். புள்ளிகள் எல்லாம் அம்மா நின்ற பக்கத்தில்தான் இருந்தன.