முதலில் ஏறிப் பார்க்கிறவர்

பெட்டியைப் பிரித்ததும் அத்தான் முதலில் மடிக்கணினியை மோந்து பார்ப்பார். பிறகு திரைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை, புண்ணில் ஒட்டிய பஞ்சை எடுப்பதுபோல, ஓரத்திலிருந்து மெதுவாக உரிப்பார். மின்பொத்தானை அழுத்திய பிறகுதான் அவசரம் வரும். கடையிலிருந்து வந்த விண்டோஸ் கண் விழித்துவிடக் கூடாதே என்று எஃப்2 விசையைத் தட்டு தட்டென்று தட்டுவார். சாவிக்கொத்தில் வீட்டுச் சாவியோடு தொங்கும் பென் டிரைவ் அதற்குள் பக்கவாட்டில் ஏறியிருக்கும். அதில், விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடுகிற லினக்ஸ் இருக்கும். அதுவும் ஊருக்கெல்லாம் வெளியிட்ட லினக்ஸ் இல்லை. இனிமேல் வெளிவரப்போவது, இன்னும் சோதனையில் இருப்பது.

நிறுவல் ஓடத் தொடங்கியதும் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்வார்.

"கை சும்மா இருக்காது மாப்ள. நடுவுல எதையாவது அமுக்கித் தொலைச்சிரும்."

அத்தான் என் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர், நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். பழுது பார்த்த லிஃப்டில் வேறு யாரையும் முதலில் ஏற விடமாட்டார். தான் மட்டும் ஏறி, உச்சி மாடி வரை போய், இறங்கி வந்து, கதவைக் கையால் பிடித்துக்கொண்டு "இப்ப வாங்க" என்பார். அரைவேக்காட்டு லினக்ஸ் மேல் என்ன இவ்வளவு ஆசை என்று ஒருமுறை கேட்டேன்.

"யாராவது ஒருத்தன் முதல்ல ஏறிப் பாக்கணும்ல? எல்லாரும் கீழயே நின்னுக்கிட்டிருந்தா எப்படி?"

அக்காவின் கட்சி வேறு. "இவருக்குப் பழம் ஆகாதுடா, காய்தான் வேணும். பழுக்கட்டுமேன்னா கேக்கமாட்டார். காயாவே கடிச்சுப் பாத்துட்டு, பல்லு கூசுதுன்னு ஊரு உலகத்துக்கெல்லாம் கடுதாசி போடுவார்."

கடுதாசி போடுவது உண்மைதான். கோளாறு ஒன்று அகப்பட்டால் அத்தானுக்கு முகம் மலர்ந்துவிடும். அதை உருவாக்கியவர்களுக்கு, முன்பின் பார்த்திராத மனிதர்களுக்கு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவார். "வணக்கம். நான் நலம். உங்கள் வைஃபை நலமில்லை" என்றுதான் கடிதம் தொடங்கும். எங்கோ இருக்கும் யாரோ ஒருவர் ஒரு தடவை "நன்றி, சரிசெய்துவிட்டோம்" என்று பதில் போட்டுவிட்டார். அதைப் பால்காரர் வரைக்கும் காட்டினார். பால்காரரும் பொறுமையாகப் பார்த்தார்.

அக்கா ஒரு புது மடிக்கணினி வாங்கியபோதுதான் இந்தப் பழக்கம் வீட்டைக் கலக்கியது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். மகள் பிறந்ததும் விட்ட வேலை. மகள் கல்லூரிக்குப் போன பிறகு எத்தனையோ இடங்களுக்கு எழுதிப் போட்டு, கடைசியில் ஒரே ஓர் இடத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நேர்காணல் வீடியோவில், கைபேசியில் திறக்காது, கணினி வேண்டும் என்று அழைப்பிலேயே போட்டிருந்தார்கள். இது போனால் இன்னொன்று வராது என்று அக்கா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அவள் கைகழுவிவிட்டு வருவதற்குள் விண்டோஸ் போய்விட்டது. "மிஷின் ரொம்பப் புதுசு. பழைய லினக்ஸுக்கு இதோட வைஃபையை அடையாளமே தெரியாது. வரப்போறதுதான் சரிப்படும்" என்று அத்தான் நியாயம் சொன்னார். சொன்னபடி எல்லாம் ஓடவும் செய்தது. கேமராவில் முகம் பளிச்சென்று தெரிந்தது. அக்கா விரலை நீட்டி எச்சரித்தாள்: "இன்டர்வியூ முடியற வரைக்கும் இதுல கை வைக்கக் கூடாது, ஆமா."

"தொடவே மாட்டேன்."

மனுஷன் மற்ற எல்லா வாக்கையும் காப்பாற்றுவார். நேர்காணலன்று காலையில் திரை மூலையில் புதிய அப்டேட் வந்திருப்பதாக ஒரு சின்ன அறிவிப்பு எட்டிப் பார்த்தது. அக்கா புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். அத்தான் அமுக்கிவிட்டார்.

அக்காவுக்குத் தைரியம் சொல்ல நானும் போயிருந்தேன். இணைப்பைத் திறந்தபோது அதிகாரிகள் மூன்று பேர் ஏற்கெனவே உள்ளே காத்திருந்தார்கள். ஓரத்துக் கட்டத்தில் அக்காவின் முகம் தலைகீழாக இருந்தது. மோவாய் மேலே, பொட்டு கீழே. அக்கா அத்தானைப் பார்த்தாள். காலையில் செய்தது அத்தான் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

கணினியை அணைத்துப் போட நேரமில்லை. அத்தான் மேசைக்கு அந்தப் பக்கம் போய், மடிக்கணினியை அப்படியே தூக்கிக் கவிழ்த்து, விசைப்பலகை மேலேயும் திரை கீழேயுமாக அக்காவின் முகத்துக்கு நேரே இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்தார். அதிகாரிகளுக்கு அக்கா நேரானாள். அக்காவுக்கு அதிகாரிகள் வௌவால் மாதிரி தொங்கினார்கள்.

தொங்கியவர்கள் கேட்டதற்கெல்லாம் அவள் கணீரென்று பதில் சொன்னாள். போகப்போக அத்தானின் முழங்கை ஆடத் தொடங்கியது. நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். முடியாது என்று தலையாட்டிவிட்டார்.

"மேடம், அங்க ஏதும் நிலநடுக்கமா?" என்றார் ஓர் அதிகாரி.

"இல்ல சார், என் வீட்டுக்காரர். கேமரா தலைகீழாயிருச்சு. லேப்டாப்பைக் கவுத்துப் பிடிச்சுட்டு நிக்கறார்."

சிரிப்பு கேட்டது. நடுவில் இருந்த அம்மாள் சிரித்து முடித்துவிட்டு, "சரி, நம்ம லேப்ல டெஸ்ட் பாதியில இருக்கும்போது மிஷின் இப்படி மக்கர் பண்ணா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

அக்கா திரையை விட்டுவிட்டு அதற்கு மேலே தெரிந்த அத்தானைப் பார்த்தாள். "நிறுத்த முடியாத டெஸ்ட்னா எப்படியாவது தாங்கிப் பிடிச்சு முடிச்சிருவேன் மேடம். ஆனா என்ன கெட்டுப்போச்சுன்னு மறைக்காம எழுதி அனுப்பிருவேன். இல்லன்னா அடுத்து வர்றவங்களும் அதுலயே மாட்டுவாங்க."

"நல்ல பழக்கம். முன்ன வேலை பாத்த இடத்துல கத்துக்கிட்டதா?"

"இல்ல மேடம். வீட்டுல."

அத்தானுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை காலியாக இல்லை. நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

வேலை கிடைத்துவிட்டது. அக்கா இப்போது காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிவிடுகிறாள். கேமராவைப் பற்றி அத்தான் அன்றைக்கே எழுதிப் போட்டார். "இன்று என் மனைவியைத் தலைகீழாக்கிவிட்டீர்கள். பாதித் தவறு என்னுடையது" என்று இருந்ததாம்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா உள்ளே வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய மடிக்கணினி மேசைமேல் திறந்திருந்தது. திரை மூலையில் அதே சின்ன அறிவிப்பு. அத்தான் எதிரே நாற்காலியின் நுனியில் இருந்தார்.

"கேமரா சரியாயிருச்சாம் மாப்ள. நான் எழுதினதைத்தான் சரி பண்ணியிருக்காங்க. ஒரே ஒரு அமுக்கு."

"அமுக்குங்களேன் அத்தான்."

"உங்கக்கா வரட்டும்" என்றார். பிறகு நாற்காலியில் நன்றாகப் பின்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.