கம்பி நுனியில் வைத்த பொட்டு

ஈஜிபுராவில் தண்ணீர் லாரி வந்து நிற்கும் தெருவில், இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பேச்சு உலவியது. மாடி வீட்டு ஹெலன் ஒரு சிட்டிகைக் குங்குமத்தால் ஜெர்மனி தேசத்தையே கவிழ்த்துவிட்டாள் என்பது அதன் சாரம். குடத்துக்குக் குடம் சேதி வளர்ந்தது. முதல் குடம் நிரம்பும்போது ஒரு மெஷின் மட்டுமே கெட்டிருந்தது. கடைசிக் குடத்துக்குள் வெள்ளைக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விமானம் ஏறியிருந்தார்கள். சர்ச்சுக்குள் வேறு வடிவம்: ஞானஸ்நானம் வாங்கியவள் குங்குமத் தட்டைத் தொட்டாள், கர்த்தர் பார்த்துக்கொண்டிருந்தார். கீழ் வீட்டு லட்சுமம்மாவுக்கோ இதில் பெருமை தாங்கவில்லை.

"ஹௌதா ஹெலன், நிஜந்தானா? நம்ம குங்குமத்துக்கு அவ்ளோ பவரா?"

விசாரித்தால், குங்குமம் உண்மை. ஜெர்மனி நலமாக இருக்கிறது. மெஷினும் நலம். பொட்டு வைத்தது யாருடைய விரல் என்ற இடத்தில்தான் எல்லோரும் பேச்சை மாற்றுகிறார்கள்.

ஹெலன் கோலார் தங்கவயல்காரி. கணவர் தாஸ் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். அவருடைய அப்பாவும் அப்படியே. அந்தக் குடும்பத்தில் 'பெர்மனன்ட்' என்ற சொல்லுக்கு ஏறக்குறைய ஜெபத்தின் மரியாதை உண்டு. அந்த பெர்மனன்ட் ஒருநாள் தன் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டது. சுரங்கம் மூடியதும் தாஸ் பெங்களூருக்கு வந்து, கோரமங்களாவில் ஓர் அடுக்குமாடி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அடுத்தவர் கார்களைக் காவல் காத்தார். ஹெலனுக்கு நகரத்து ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. பெருக்குவது, கண்ணாடிக் குப்பிகளைக் கழுவுவது, டீ கொண்டுபோவது. எந்தக் கூடம் என்பதை விட்டுவிடலாம். அங்கே எல்லோரும் கௌரவமானவர்கள்.

அங்கே ஜெர்மனியோடு கூட்டாக ஓர் ஆராய்ச்சி. துடிக்கிற இதயத்திலிருந்து கசியும் காந்தத்தைக்கூட மோப்பம் பிடிக்கும் குவாண்டம் உணர்கருவிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு ஏற்ற புதுப் பொருளைத் தேடுவது. பெங்களூரில் அதை மெல்லிய படலமாக வளர்ப்பார்கள். ஜெர்மனியில் அதையே திரும்பச் செய்து பார்ப்பார்கள். படலத்தில் காந்தம் இருக்கிறதா என்று பார்க்க, அதை நீளமான ஒரு கம்பியின் நுனியில் பொருத்தி, உறைகுளிர்த் திரவம் சூழ்ந்த பெரிய பீப்பாய்க்குள் இறக்கி, கடுங்குளிரிலிருந்து அறைச் சூடு வரை அளக்க வேண்டும். ஹெலன் தாஸிடம் இதை இப்படிச் சொன்னாள்: "ஒண்ணுமில்லீங்க. நீங்க சுரங்கத்துக்குள்ள கூண்டுல எறங்குவீங்களே, அது மாதிரிதான். ஆளு மட்டும் ரொம்பச் சின்ன ஆளு."

திட்டத்தின் தலைவர் பேராசிரியர் கோதண்டராமன். இரண்டாம் கட்டத்துக்கு ஜெர்மனி கையெழுத்துப் போட்டால் கூடத்துக்கு நிரந்தர வேலை ஒன்று வரும். அது ஹெலனுக்குத்தான் என்று அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். சொன்ன நாள் முதல் அவள் குப்பிகளைக் கழுவிய பளபளப்பே வேறு.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் பூஜை போடாத இயந்திரம் என்று ஒன்றும் கிடையாது. ஆட்டோ, லேத், கம்ப்யூட்டர், லிஃப்ட், எதுவானாலும் அன்றைக்கு நெற்றியும் பொட்டும் உண்டு. தங்கவயலிலும் அப்படித்தான், கூண்டை இழுக்கும் எஞ்சினுக்கு மாலை போடும்போது அந்தோணியும் யாகோபும்தான் முன்னால் நிற்பார்கள். ஆகவே பூஜைச் சாமான் வாங்கி வரச் சொன்னபோது ஹெலன் மறுபேச்சுப் பேசவில்லை. "சிம்பிளா வாங்கும்மா, டிபார்ட்மென்ட் காசு" என்றார் பேராசிரியர். அவளும் மார்க்கெட் நடைபாதையில் குவித்து விற்ற உதிரிக் குங்குமத்தையே வாங்கினாள்.

மேடைதோறும் அறிவியல் மனப்பான்மை பற்றிப் பேசுகிறவர் கோதண்டராமன். அன்று தன் கறுப்பு ஷூவைக் கழற்றிவிட்டு, அடுப்பு, பம்பு, பீப்பாய் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். தட்டை ஏந்தியபடி ஹெலன் பின்னால். அளவெடுக்கும் ஆராய்ச்சி மாணவி பார்கவி கையில் கற்பூரம்.

"சார், இந்தக் கம்பிக்குமா?" என்றாள் பார்கவி.

"எல்லாருக்கும் வெச்சுட்டு மெயின் ஆளை விட்டா கோச்சுக்காதா?" மோதிர விரலால் நுனியில் ஒற்றினார். மூவரும் சிரித்தார்கள்.

மறுநாள் பார்கவி ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து நன்றாகவே துடைத்தாள். நுனியின் திருகு மரை இடுக்குக்குள் போனது அங்கேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அளந்த படலங்களில் ஓர் அதிசயம். சாதாரண அறைச் சூட்டிலேயே, இருக்க நியாயமே இல்லாத இடத்தில், காந்தம் தெரிந்தது. பேராசிரியர் மைசூர் பாக் வரவழைத்தார். செய்தித்தாளில் அவர் படம் வந்தது. பின்னால் மங்கலாக ஹெலனின் முழங்கை. ஜெர்மனியில் மட்டும் அந்தக் காந்தம் தலைகாட்டவில்லை. அவர்கள் படலத்தில் வரவில்லை. இங்கிருந்து அனுப்பிய படலத்திலும் அங்கே போனதும் வரவில்லை. கடைசியில் உல்ரிகே என்ற விஞ்ஞானி நேரில் வந்து இறங்கினார். உயரமான, மெல்லப் பேசுகிற அம்மாள். படலம் எதையும் கேட்கவில்லை. வெறும் கம்பியை இறக்கச் சொன்னார்.

வெறும் கம்பிக்கும் காந்தம் இருந்தது.

நுனியைத் திருகிக் கழற்றி, வெள்ளைப் பஞ்சால் மரையைத் துடைத்து, விளக்கருகே பிடித்தார். பஞ்சில் ஒரு சிவப்புத் தீற்றல். நடைபாதைக் குங்குமத்தில் நிறத்துக்காகக் கலந்த இரும்புத் துருப் பொடி என்று பிற்பாடு தெரிந்தது.

"எங்கள் துப்புரவுப் பெண்மணி," என்றார் கோதண்டராமன், ஆங்கிலத்தில், மூச்சுவிடாமல். "பண்டிகை நாள். படிக்காதவர்கள். அவர்கள் நம்பிக்கை."

துப்புரவுப் பெண்மணி அப்போது டீத் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். டீ கேட்பதைக்கூட ஆங்கிலத்திலேயே கேட்கிற இடத்தில் வேலை பார்த்தவளுக்கு அந்த ஆங்கிலம் போதுமான அளவு புரிந்தது. அவள் பார்கவியைப் பார்த்தாள். பார்கவி தன் ஷூ நாடாவைப் பார்த்தாள்.

பிறகு பேராசிரியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, வழக்கமில்லாமல் உட்காரச் சொன்னார்.

"அந்த அம்மா கேட்டா, தெரியாம பட்டுடுச்சுன்னு சொல்லிடும்மா. உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நான்னு தெரிஞ்சா ப்ராஜெக்டே போயிடும். ப்ராஜெக்ட் போனா உன் போஸ்ட்டு?"

"வாங்குனது நான்தானே சார்," என்றாள் ஹெலன். அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. விரல் அவருடையது, குங்குமம் அவள் வாங்கியது. கணக்கைப் பிரிக்கத் தெரியவில்லை.

"கரெக்ட்," என்று உடனே பிடித்துக்கொண்டார் அவர். "நீ பொய்யே சொல்ல வேண்டாம், பாரு."

ஹெலன் பார்கவியைக் கழுவு தொட்டியருகே மடக்கினாள். "பாப்பா, நீயும்தானே பார்த்தே?"

"அக்கா, என் தீசிஸ் அவர் கையில இருக்கு. ப்ளீஸ்க்கா." பெண் அழுதுவிட்டாள். சமாதானப்படுத்தும் வேலையும் ஹெலன் தலையில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்பும் முன் தாஸ் முகம் மழித்துக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு. ஹெலன் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள்.

"இன்னாங்க சொல்றீங்க?"

"இன்னா சொல்றது? சும்னே தலைய ஆட்டிட்டு வா. ஒரு தலையாட்டலுக்கு பெர்மனன்ட்டுன்னா, தங்கவயல்ல எல்லாரும் கழுத்து ஒடியிற வரைக்கும் ஆட்டியிருப்போம்."

"நாளைக்கு இந்தத் தெருவே என்னைப் பேசும்."

"பேசட்டும். இப்ப நான் வாட்ச்மேன்னு பேசல?" சொல்லிவிட்டு மீதிக் கன்னத்தை மழித்தார். பிறகு, குரல் இறங்கி, "ஆனா செய்யாதத செஞ்சேன்னு சொல்றது உன் வாயி. நான் எப்படிச் சொல்ல முடியும்?" என்றார். அந்த மனிதரிடமிருந்து முழு ஆலோசனையாக எதுவும் கிடைத்ததில்லை.

உல்ரிகே ஊருக்குத் திரும்பும் நாள். டீ போடும் சின்ன அறைக்கு அவரே வந்தார். எளிய ஆங்கிலத்தில், சொல் சொல்லாகக் கேட்டார்.

"ஹெலன். கோபமில்லை. நான் தெரிந்துகொள்ள மட்டும். அது நீயா?"

கதவுக்கு வெளியே கறுப்பு ஷூ ஒரு ஜோடி, நடக்காமல், நின்றுகொண்டிருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஹெலன் அணைத்தாள், துடைத்தாள், பிழிந்தாள், மறுபடியும் துடைத்தாள்.

"நாளைக்குச் சொல்றேன் மேடம்," என்றாள்.

உல்ரிகே அவளையும் பார்த்தார், கதவையும் பார்த்தார். அன்று மாலையே அவருக்கு விமானம் என்பது இருவருக்கும் தெரியும்.

ஜெர்மனி கையெழுத்துப் போட்டது. ஒரே நிபந்தனை, சுத்தப் பயிற்சி. கதவில் மூன்று மொழிகளில் பலகை: குங்குமம், விபூதி, சந்தனத்தோடு உள்ளே வரக்கூடாது. வருகிறவர்களின் நெற்றியைப் பார்த்து ஈரப் பஞ்சு நீட்டும் பொறுப்பு புது நிரந்தர ஊழியருக்கு, அதாவது ஹெலனுக்கு. பேராசிரியரே முதல் ஆளாக நெற்றியைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார். பார்கவி டாக்டராகி அமெரிக்கா போய்விட்டாள். ஈஜிபுராப் பேச்சை யார் கிளப்பியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கூடத்து டிரைவர்கள் சிலர் அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறார்கள். ஹெலன் அதை மறுப்பதில்லை. மறுத்தால் அடுத்த கேள்வி 'பின்னே யாரு?' என்று வரும்.

உல்ரிகே வருடம் தவறாமல் வருகிறார். அவளிடம் டீ வாங்கிக்கொண்டு, "நாளை வந்துவிட்டதா, ஹெலன்?" என்கிறார். அவருக்கு அது விளையாட்டாகிவிட்டது போலிருக்கிறது. கோதண்டராமன் ஓய்வு பெற்றதும் சொல்லிவிடுவது என்று ஹெலன் முடிவு செய்திருந்தாள். என்ன சொல்வது என்று ஆங்கிலத்தில் கோத்தும் வைத்திருந்தாள். அவருக்குப் பதவி நீட்டிப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

"இல்ல மேடம்," என்றாள் இந்த முறையும். "சக்கரை போதுமா?"