நான் பார்த்துக்கொண்டேன்

எங்கள் சபையில் பெண்கள் ஜெபம் செய்ய எழுந்தால், "ஒன்றுக்கும் உதவாத அடியாளாகிய நான்" என்றுதான் தொடங்குவோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. என் அம்மா அப்படிச் சொன்னாள், அவளைப் பார்த்து நானும் சொன்னேன். சித்தூரில் எங்கள் தமிழ்ச் சபை சின்னது. அதில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர்கள் உண்டு, பேங்கில் வேலை பார்க்கிறவர்கள் உண்டு. அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு ஹேண்ட்பேக்கை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்து போவார்கள். அவர்களுக்கு அது மரியாதைக்குச் சொல்கிற பேச்சு. விருந்துக்குக் கூப்பிட்டு, "ஏதோ கஞ்சி ஊத்துறோம், வாங்க" என்று சொல்வதில்லையா, அதைப்போல.

நான் மட்டும் அதை நிஜமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு நாக்கு புரளாது. கல்யாண வீட்டில் கூட, சமையல் நடக்கிற பக்கமாகப் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவேன். அங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்த அன்று காலை, ஆறு மணிக்கே எழுந்து, வலது கை மரத்துப் போயிருக்கிறது என்றார். கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார் என்று நினைத்துத் தைலம் தடவினேன். பத்து மணிக்குக் குளிக்கப் போனவர் விழுந்தார். பக்கத்து வீட்டு ஆட்டோவில் சித்தூர் பெரிய ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருப்பதி. திருப்பதியில் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அடைப்புக் கரைய ஊசி போட்டிருக்கலாம் என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் எனக்குள் அந்தப் பேச்சு போய் உட்கார்ந்துகொண்டது. வந்து பார்த்தவர்களிடமெல்லாம் நானே சொன்னேன்: "கை மரத்துப் போச்சுன்னாரு. நான் தைலம் தடவிக்கினு உட்கார்ந்துட்டேன்." கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

என் வீட்டுக்காரரின் அக்கா எங்கள் தெருவிலேயே இருக்கிறார். எழுபத்தைந்து வயது, நல்ல குரல். அவர் கேட்டுவிட்டு, "படிச்சவளா இருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

பதினோரு நாள் கழித்து அவரை மூக்கில் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது பக்கம் அசையவில்லை. விழுங்க முடியாது. குழாய் வழியாக எப்படி ஊட்டுவது என்று நர்ஸ் பெண் தெலுங்கில் சொல்லி, செய்து காட்டினாள். தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும், கஞ்சியைத் துணியில் வடிகட்ட வேண்டும், ஊட்டிய பிறகும் அரைமணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். ஒரு காகிதமும் கொடுத்தாள். அது இங்கிலீஷில் இருந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் அதைப் படித்து, மடித்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெங்களூருக்கே போய்விட்டான்.

எந்தப் பக்கம் படுக்க வைத்தேன் என்பது எனக்கு மறந்து மறந்து போயிற்று. தூக்கம் கிடையாது, அதனால் புத்தி நிற்கவில்லை. அதற்காகக் கட்டிலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடித்தேன். அவர் முகம் ஜன்னல் பக்கம் இருந்தால் துண்டு ஜன்னல் பக்க ஆணியில் தொங்கும். சுவர்ப் பக்கம் திருப்பினால் துண்டும் அந்தப் பக்கம் போய்விடும். அப்புறம் கடிகாரம் மட்டும் பார்த்தால் போதும். அக்கா வந்து பார்த்துவிட்டு, "இன்னாமே இது, என் தம்பிக்குத் தோரணம் கட்டிக்கினு கீற?" என்றார். நான் அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன். துண்டை எடுத்து அடுத்த ஆணியில் மாட்டினேன். நேரமாகியிருந்தது.

அந்த மாதங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கஞ்சி, குழாய், துண்டு, ஈரத் துணி. என் இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர முடியாத நாட்களில் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் எழுந்தேன். இரண்டாம் மாதக் கடைசியில் குழாயை எடுத்தார்கள். மூன்றாம் மாதம் அவர் கட்டிலில் உட்கார்ந்தார். நாலாம் மாதம் கம்பு ஊன்றி, காலை இழுத்து இழுத்து, கூடம் வரை வந்தார். எல்லாரும் இது அற்புதம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதில் எனக்கு ஒரு பங்கு இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. தைலம் தடவியதில்தான் என் பங்கு முடிந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

மறுபடி காட்டுவதற்காகத் திருப்பதிக்குப் போனோம். டாக்டர் அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லி முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் பார்த்தார். பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நாலு மாசம் படுத்திருந்த உடம்பில் ஒரு புண் கூட இல்லை என்று தெலுங்கில் சொன்னார். என் பக்கம் திரும்பி, "எவரம்மா சூசுகுன்னாரு?" என்றார். யார் பார்த்துக்கொண்டது என்று கேட்கிறார்.

"மா அப்பாயி" என்றேன். எங்கள் மகன் என்று.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், யார் என்று கேட்கும்போதே எனக்குப் பயம் வந்துவிடும். திட்டத்தான் கேட்கிறார்கள் என்று இருக்கும். திட்டு இல்லை, பாராட்டு என்று தெரிந்ததும் அது என் விலாசத்துக்கு வரக்கூடியது இல்லை என்று நினைத்தேன். "வெரி குட், அப்பாயிகி செப்பண்டி" என்றார் டாக்டர். மகனிடம் சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு குடும்பம் மொத்தமும் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, தூங்கிக்கொண்டு வந்தது. அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். சந்திரகிரி தாண்டியதும் பேச ஆரம்பித்தார். பேச்சு அப்போது குழறலாகத்தான் இருந்தது, ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று வருவார்.

"ஏன்... அவன்னு சொன்ன?"

"யாரை?"

"மவனை. அவன் எப்போ... என்னைத் திருப்பிப் போட்டான்?"

"இன்னாங்க இப்போ அதுக்கு? டாக்டரு கேட்டாரு, வாயில வந்துது, சொன்னேன்."

"அவன் வந்தப்போ... திருப்பினது... டிவி சேனலுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கோபமாக இருந்தார். எச்சில் வழிந்தது, துடைக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டார்.

"தைலம், தைலம்னு... ஊரெல்லாம் சொல்லிக்கினு கீற. மீதிய... ஏன் சொல்ல மாட்டேன்ற?"

"மீதி இன்னா கீது?"

"ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு... ரெண்டு வாட்டி கேட்ட. நான்தான்... கம்முனு கெடன்னேன்."

கேட்டேன்தான். தைலம் தடவும்போது ஒருதரம், அவர் இட்லி தின்னும்போது ஒருதரம். இட்லியைக் கை நழுவவிட்டதைப் பார்த்துத்தான் இரண்டாம் தரம் கேட்டேன். "கம்முனு கெட, கைதானே" என்றார். நடந்தது நடந்தபடியே என் ஞாபகத்தில் இருந்தது. ஆனால் சொல்லும்போது மட்டும் அதை விட்டுவிட்டே சொல்லி வந்திருக்கிறேன். எத்தனை பேரிடம்! நூறு பேர் இருக்கும். அடுத்தவள் ஒருத்தியைப் பற்றி இப்படிப் பாதியை மறைத்துச் சொல்லியிருந்தால் அது பொய்ச் சாட்சி என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

அவர் மேல் பழி போட எனக்கு ஆசையில்லை. அவருக்கும் கை மட்டும்தான் மரத்திருக்கிறது என்றுதான் தெரியும், எனக்குத் தெரிந்தது தைலம். இரண்டு பேரும் தெரிந்ததைச் செய்தோம். இவ்வளவு சின்ன விஷயத்தை நினைத்துப் பார்க்க எனக்கு நாலு மாசம் ஆயிற்று. பஸ் சித்தூர் வந்து சேர்ந்தபோது உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்திருந்தோம். நோய் தீர்ந்து எழுந்தவர்கள் வீட்டில் சபையாரைக் கூப்பிட்டு நன்றி சொல்லி ஜெபிப்பது எங்கள் வழக்கம். வீட்டார் ஒருவர் எழுந்து நடந்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அவருக்குப் பேச்சு சரியாக வராததால் நான்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். அக்கா முந்தின நாளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதோ பாரு, தைலம் தடவனதையும் சொல்லிடு. கர்த்தர் சமூகத்துல மறைக்கக் கூடாது. என்னால ஆச்சு, மன்னிச்சிடுங்கோன்னு நாலு பேரு எதுர்க்க கேட்டுட்டா உனக்குத்தான் நல்லது. மனசு லேசாகிடும்."

கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. பஸ்ஸில் அந்தப் பேச்சு நடக்காமல் இருந்திருந்தால் நான் அப்படியே சொல்லியிருப்பேன். அழுதும் இருப்பேன். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு சாகிற வரைக்கும் அதுதான் என் கதை. ஒருதரம் சபை நடுவில் சாட்சியாகச் சொன்னது சபைக்கு மறக்காது. ராத்திரி படுத்த பிறகும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் சுலபம், பழக்கமானதும் கூட. சொல்லாமல் விட்டால், இவளுக்கு இன்னா திமிரு என்பார்கள்.

கூட்டத்தில் பாட்டு முடிந்து, பாஸ்டர் என் பக்கம் கை காட்டினார். இருபத்தைந்து பேர் இருப்பார்கள். எழுந்து நின்றேன். "ஒன்றுக்கும்" என்று நாக்கு தானாக ஆரம்பித்துவிட்டது. அங்கேயே நின்றுவிட்டேன். பாஸ்டரம்மா எடுத்துக் கொடுப்பதற்காக "உதவாத" என்று மெதுவாகச் சொன்னார். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார், பாவம்.

"இல்லைக்கா" என்றேன் பாஸ்டரம்மாவிடம். எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன்.

"காலையில கை மரத்துப் போச்சுன்னாரு. தைலம் தடவினேன். ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு ரெண்டு வாட்டி கேட்டேன். வாணாம்னாரு. விழுந்ததும் கூட்டிக்கினு போனேன். அப்புறம் நாலு மாசம் நான் பார்த்துக்கினேன். கர்த்தர் எனக்கு அதுக்குப் பெலன் குடுத்தாரு. அவருக்கு ஸ்தோத்திரம்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டேன். காது இரண்டும் சுட்டது.

அக்கா, "அப்போ என் தம்பி மேலதான் தப்புன்ற?" என்றார், கூட்டம் என்றும் பார்க்காமல்.

நான் வாயைத் திறக்குமுன் என் வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்தபடி, கோணிய வாயால், "ஆமா" என்றார். யாரோ சிரித்தார்கள். பாஸ்டர் அவசரமாக ஜெபத்தை ஆரம்பித்தார்.

ஜெபம் முடிந்து, வந்தவர்களுக்குப் பொங்கலும் வடையும் பரிமாற வேண்டும். இலையை எடுக்கப் போனேன், இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அங்கே நின்ற ஒரு பெண்ணிடம், "நீ கொஞ்சம் போட்டுடும்மா, நான் படுத்துக்கிறேன்" என்றேன். என் வீட்டில் விருந்தாளி இருக்கும்போது நான் படுத்தது அன்றைக்குத்தான். உள் அறையில் அவருடைய கட்டிலிலேயே படுத்தேன். கூடத்தில் அக்காவின் குரலும் இன்னும் இரண்டு மூன்று குரல்களும் கேட்டுக்கொண்டிருந்தன. என்னைப் பற்றித்தான் என்று தெரிந்தது. என்ன சொல்கிறார்கள் என்று கேட்க எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டேன்.