முதல் தரக் கப்பல்

லண்டனிலிருந்து ரொறன்ரோ வந்த இடத்தில், நூலகமொன்றில் விக்டோரியா ராணி காலத்துக் கப்பல் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அன்றைய பரிசோதகர்கள் மரக்கப்பல்களைச் சோதித்து, எது எத்தனை வருடத்துக்கு முதல் தரம் என்று எழுதிவைத்த பதிவேடு அது. அருகில் வேலைச் சீருடையோடு இருப்பவர் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டுகிறார்.

“தம்பி, இந்தப் பேர் உதில இருக்கோ? மனுசியின்ர பூட்டன் கட்டின கப்பலாம். முப்பது வருசமா, அது வெறும் தோணி எண்டு பகிடி பண்ணினனான். நாளைக்கு அவவுக்கு இருதய ஒப்பரேசன்.”

இருவருமாகத் தேடுகிறோம். வெகுநேரம் கழித்து என் விரல் ஒரு வரியில் நிற்கிறது.

“இருக்கு அண்ணை. யாழ்ப்பாணத்தில கட்டினது. ரெண்டு பாய்மரம், அடியில செப்புத் தகடு. ஏழு வருசத்துக்கு முதல் தரம்.”

மூன்று தடவை வாசிக்கச் சொல்கிறார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி, பொதுத் தொலைபேசியில் ஆஸ்பத்திரியிலிருக்கும் மனைவிக்கு எடுக்கிறார்.

“இஞ்சருமப்பா, நீர் சொன்னதுதான் சரி. அது கப்பல்தான். முதல் தரக் கப்பல்.”

மறுமுனையில் அந்த அம்மா சிரிப்பது எனக்கும் கேட்கிறது. இவர்தான் அழுகிறார்.