யாரும் படிக்காத கோப்புகள்

சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் எதற்கு என்பார்கள். நின்றுபோனால் இத்தனை நாள் என்ன கிழித்தாய் என்பார்கள். இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய சக ஜீவன்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது என்றில்லை, ஆனால் அவர்கள் உச்சுக்கொட்ட மாட்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கான இரும்புப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் சிஸ்டம் அட்மின். பொன்னேரியில் ரயில் ஏறிப் போவேன். அங்கே இருந்தது ஒரே ஒரு சர்வர். யார் உள்ளே வந்தார், எதை மாற்றினார், எது மக்கர் செய்தது என்று எல்லாவற்றையும் அது ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். அதற்குப் பெயர் லாக். கவனிக்காமல் விட்டால் புளித்த மாவு மாதிரி பொங்கி டிஸ்க்கையே நிரப்பிவிடும். அதனால் வாரம் ஒருமுறை பழைய கோப்பை மூடி, எண் போட்டு ஒதுக்கி, புதிதாக ஒன்றைத் திறந்துவிட வேண்டும். ஒதுக்கியதைச் சுருக்கி சிடியில் ஏற்றிவிட்டு, சர்வரிலிருந்து அழித்துவிட வேண்டும். குப்பை கொட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்றுதான் ஆபீஸில் எல்லாரும் நினைத்தார்கள்.

பேப்பர் இல்லை

நான் சேர்வதற்கு முன் அங்கே இந்த லாக் மாற்றுகிற பழக்கமே கிடையாது. சேர்ந்த புதிதில் ஒரு காலை, கேட் பாஸ் அச்சாகவில்லை என்று போன் வந்தது. கேட் பாஸ் இல்லாமல் லாரி வெளியே போக முடியாது. சரக்கு ஏற்றிய லாரிகள் வாசல்வரைக்கும் வரிசைகட்டி நின்றன. போய்ப் பார்த்தால் டிஸ்க்கில் இம்மி இடமில்லை. ஒரே லாக் கோப்பு மொத்தத்தையும் விழுங்கியிருந்தது. திறந்தால், முதலிலிருந்து கடைசிவரை ஒரே வரி: பிரிண்டரில் பேப்பர் இல்லை. அது சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் மூலையில் தூக்கிப் போட்ட பழைய பிரிண்டர். அதைக் கழற்றியவர்கள் சர்வரிடம் சொல்லவில்லை. அதுவும் மாதக்கணக்கில் விடாமல் புலம்பியிருக்கிறது.

கோப்பைக் காலி செய்தேன், பாஸ் வந்தது. விடியற்காலையிலிருந்து காத்திருந்த ஒரு லாரி டிரைவர் என் பின்னாலேயே நின்று என்ன கோளாறு என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"உள்ளாறயே பேப்பர் இல்ல, பேப்பர் இல்லன்னு கத்திக்கினு இருந்தா யாருக்கு மேடம் கேக்கும்? வெளிய வந்து ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே ஒரு கட்டு வாங்கியாந்திருப்பேனே!"

பின்னால் வருகிறவர் படிப்பார்

அதற்குப் பிறகுதான் வாராவாரம் சிடி போட ஆரம்பித்தேன். எங்கள் ஊர்ப்பக்கத் தொழிற்சாலைகளில் கம்ப்யூட்டர் எப்போதும் கணக்குப் பிரிவின் தலையில்தான் விழும். கணக்கு மேனேஜர் வரதன் சார் நல்ல மனிதர், சிடி வாங்கக் கையெழுத்துப் போடும் நேரம் தவிர. "யாரும் படிக்கப்போறதில்ல, அப்புறம் எதுக்கும்மா சேத்து வெக்கிற?" என்பார். பதில் எனக்கும் தெரியாது. எதையும் தூக்கிப் போட மனசு வராத பிறவி நான். வீட்டில் காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களுக்கென்றே ஒரு அலமாரி இருக்கிறது.

அந்தக் காலத்து சிடிகளில் பாதி, எழுதும்போதே பாழாகும். அப்படிப் பாழானவற்றைக் கேட்டு வாங்க வந்தவன்தான் தயாளன். பாகங்களைச் சூடேற்றிப் பதப்படுத்தும் உலையில் ஆபரேட்டர். வீடு ஆந்திர எல்லையோரம், ஆரம்பாக்கம் பக்கம். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து ஹைவேயில் மொபெட்டில் போகிறவன், பின்விளக்கு எரியாது. பாழான சிடிகளை மட்கார்டில் வரிசையாக ஒட்டிக்கொண்டால் லாரி வெளிச்சம் பட்டு மின்னுமாம். கொடுத்தேன். மறுநாள் ஒட்டியதைக் காட்டிப் பெருமையாகச் சொன்னான்:

"நீங்க எழுதுறத யாரும் படிக்கலன்னு வருத்தப்படாதீங்க மேடம். என் பின்னாடி வர லாரிக்காரன் தெனமும் படிச்சிக்கினுதான் வரான்."

பெயர் வைத்த அன்று

உலைக்கு ஒரு கம்ப்யூட்டர் உண்டு, சர்வரோடு இணைத்தது. எந்தப் பாகம் உள்ளே போகிறதோ அதற்கான சூட்டை அதில் போட வேண்டும். ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தேன். ஆனால் அந்த சாஃப்ட்வேரை ஒருமுறை மூடினால், மறுபடி திறப்பதற்குள் வாங்கி வைத்த டீ ஆறிவிடும். அதனால் யாரும் மூடுவதில்லை. கரண்ட் போய் நின்றாலும், எந்த ஷிஃப்டாக இருந்தாலும், தயாளன் பெயரைப் போட்டே திறந்துவிடுவார்கள். மற்ற பாஸ்வேர்டெல்லாம் அவரவருக்கே மறந்துபோயிருந்தது. தயாளனுடையது அவன் பெண் குழந்தையின் பெயர்.

அவனைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டேன். பாஸ்வேர்டை ஊருக்கெல்லாம் சொல்வது எவ்வளவு ஆபத்து தெரியுமா என்று பாடமே நடத்தினேன். அவன் முகம் வாடிவிட்டது.

"நான் யாருக்கும் சொல்லல மேடம், என் கொழந்த மேல சத்தியமா. பேர் வெச்ச அன்னிக்கு எல்லாரும் எங்க ஊட்டுக்கு சாப்ட வந்துருந்தாங்க."

சிடிக்கு வந்த வேலை

உலையில் பதப்படுத்தி அனுப்பிய ஒரு லோடு பாகங்கள் மொத்தமாகத் திரும்பி வந்தன. வாங்கியவர்கள் சோதித்துப் பார்த்ததில் விரிசல். வேறு பாகத்துக்கான சூட்டை யாரோ போட்டுவிட்டார்கள். சரக்கு எங்களிடமிருந்து போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. சர்வரில் அந்த வாரத்து லாக் கிடையாது. ஆட்கள் விவகாரத்தைப் பார்க்கும் பர்சனல் மேனேஜர், போட்டது யார் என்று பெயர் கேட்டார். அலமாரியைத் திறந்து, தேதி பார்த்து, சிடியை எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததற்கு இன்றைக்குத்தான் பலன் என்று நினைத்தேன். கோப்பைத் திறந்தேன். தேதி, நேரம், சூடு, பக்கத்தில் பெயர்: தயாளன்.

அந்த நேரம் அவன் ஷிஃப்டில்தான் இருந்தான். "கேன்டீன்ல இருந்தேனா, உலைகிட்ட இருந்தேனான்னு இப்ப எப்டி மேடம் ஞாபகம் இருக்கும்?" என்றான். தன் பெயரில் எல்லாரும்தான் வேலை செய்கிறார்கள் என்று விசாரணையில் சொன்னான். உலைப் பிரிவு சூப்பர்வைசரோ, "அவங்கவங்க பேர்லதான் சார் பண்றாங்க" என்று சாதித்துவிட்டார். ஒத்துக்கொண்டால் அவர் தலையும் சேர்ந்து உருளும். கூட வேலை பார்த்தவர்கள் வாயே திறக்கவில்லை. அந்த விசாரணைக்கு என்னைக் கூப்பிடவில்லை. தயாளனை சஸ்பெண்ட் செய்தார்கள்; அடுத்த வாரம் இறுதி விசாரணை, தப்பு அவனுடையது என்று முடிவானால் வேலை போய்விடும். நான் அந்த சிடியைத் தூக்கிப் போட்டிருந்தால் அவன் பெயரே வெளியில் வந்திருக்காது. அப்போது பார்த்து வரதன் சார் என் மேஜைக்கே வந்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என்னைப் பாராட்டினார்:

"தெண்டத்துக்கு சேக்குறன்னு நெனச்சேம்மா. இன்னிக்குதான் உன் சிடிக்கு ஒரு வேலை வந்துது."

ஆடி மாதம்

பர்சனல் மேனேஜர் இறுதி விசாரணைக்கு அந்த ஒரு வரியைத்தான் அச்செடுத்து வரச் சொன்னார். நான் அந்த வாரம் முழுவதையும் அச்செடுத்தேன். அது போதாதென்று, அலமாரியில் தேடி ஆடி மாதத்து சிடி ஒன்றையும் எடுத்தேன். அந்த வாரம் தயாளன் லீவ் போட்டு, குடும்பத்தோடு பெரியபாளையத்துக்குப் போய் பவானி அம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்தான். திரும்பி வந்ததும் ஆபீஸ் முழுக்கக் குங்குமம் கொடுத்தான். மேனேஜரும் வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நான் கட்டுக் காகிதத்தோடு போவதைப் பார்த்து வரதன் சார் கதவருகிலேயே மறித்தார். "கேட்டத மட்டும் குடும்மா. சிஸ்டம் சரியில்லன்னு நீயே போய் சொன்னா, மொதல்ல உன்னத்தான் கேப்பாங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இருந்தாலும் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே மேனேஜர், "லாக் பொய் சொல்லுமாம்மா?" என்று கேட்டார். "சொல்லாது சார். ஆனா அது பேரைத்தான் பாக்குது, கீபோர்டுல இருக்குற கையைப் பாக்காது" என்று காகிதங்களை மேஜைமேல் வைத்தேன். அவர் புரட்டினார். திங்கள் காலை தயாளன், மதியம் தயாளன், இரவு தயாளன், செவ்வாய் விடியும்போதும் தயாளன். பிறகு ஆடி மாதத்துக் காகிதம். அவரே கையெழுத்துப் போட்ட லீவ். அதே நாட்களில், அதே உலையில், இரவும் பகலும் தயாளன். ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தார். சூப்பர்வைசர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தயாளன் கைகட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சூப்பர்வைசரிடம் மெதுவாகக் கேட்டார்:

"ஏன்யா, இந்த ஆள் எப்பத்தான் தூங்குறான்?"

சொந்தப் பெயர்

அதன் பிறகு சூப்பர்வைசர் உண்மையைச் சொல்லிவிட்டார். தயாளனை மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்கள். தவறான சூட்டைப் போட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தக் கைக்கு உரியவர் இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தாரே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. லாக்கைத் திட்டி என்ன பிரயோஜனம், தனக்குத் தெரிந்ததை அது மறைக்கவில்லையே.

வரதன் சார் மூச்சுக் காட்டாமல் உலைக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். டீ ஆறுவதற்குள் திறந்துவிடும். ஷிஃப்ட் மாறினால் தானாக மூடிக்கொள்ளும்படி செய்தேன். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஆட்கள் சிஸ்டத்துக்குள் வருவதும் வெளியே போவதுமாக இருந்ததில் லாக் முன்னைவிட வேகமாகப் பொங்கியது, எனக்குத்தான் பேஜாரு. தயாளன் புது பாஸ்வேர்டு போட வந்தான். என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினான். முடித்துவிட்டுத் திரையில் தன் பெயர் மட்டும் நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இனிமே எதுனா தப்பு வந்தா, அது நான் பண்ணதாத்தான் இருக்கும் மேடம். மனசுக்கு எவ்ளோ நிம்மதியாக்கீது தெரியுமா?"

யாரும் படிக்காததைப் பத்திரமாக எழுதி வைப்பதும், யாராவது படித்துவிட்டால் பின்னாலேயே ஓடிப்போய் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள் என்று கெஞ்சுவதும்தான் எங்கள் தொழில், சம்பளம் முதல் வேலைக்கு மட்டும்தான்.