பிழை சொல்லும் தேர்வு

வேலை தரப்போகிறவரின் ஆய்வுத் திட்டத்தில் அவர் முகத்துக்கு நேரே பிழை சொல்லலாமா? திருகோணமலைக் கடற்கரையில் ஒரு மாலை இந்தக் கேள்வி என்னைத் திணறடித்தது.

அவர் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்களை ஆராயும் பேராசிரியை. தம் ஆய்வுக்கூடத்துக்கு இளம் விரிவுரையாளர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். குள்ளமான உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி, சிரித்தால் தோள்கள் இரண்டும் குலுங்கும். விண்ணப்பித்தவர்களைக் கடற்கரை வாங்குப் பலகையில் இருத்தி, தம் திட்டத்தைக் கையில் கொடுத்துவிடுவது அவர் வழக்கம்.

“நல்லா இருக்கு, மெடம்,” என்றேன், என் முறை வந்தபோது.

“அதை என்ர அம்மாவும் சொல்லுவா. நீங்கள் பிழையைச் சொல்லுங்கோ.”

இந்த வேலை இல்லையென்றால் நான் வெளிநாடு போகவேண்டியதுதான். ஆயினும் சொன்னேன்: “கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஆய்வு. ஆனா காலையில கிளினிக்குக்கு வாற பெண்களை மட்டும்தான் சோதிக்கிறீங்கள். பக்கத்தில சாம்பல்தீவில கருவாடு போடுற பெண்கள் கூலியை விட்டிட்டு எப்பிடி வருவினம்? அவையளைப் பாக்காமல் ஊர் நிலைமையைச் சொல்ல ஏலாது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அந்நேரம், அந்தக் கடற்கரையில் ஆட்களோடு பழகித் திரியும் மான்களில் ஒன்று பின்னால் வந்து, திட்டத்தின் முதல் பக்கத்தைக் கவ்வி, நிதானமாக மென்றது.

“சோலி முடிஞ்சுது. இனி நீங்கள்தான் புதுசா எழுதோணும். திங்கட்கிழமை வாங்கோ.”

அவர் தோள்கள் குலுங்கின. நானும் வயிறு நோகச் சிரித்தேன். தம் பிழையைக் கேட்டு இவ்வளவு மகிழ்ந்த ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இப்போது எங்கள் பரிசோதனை, சாம்பல்தீவில் கருவாட்டு வேலை முடிந்த பிறகு, மாலையில் நடக்கிறது.