எப்சி வடிகட்டிய சத்தம்

விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் தலைக்கு மேலே விமானம் போனால் பேச்சை அப்படியே நிறுத்துவார்கள். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கேட்டால், "நாங்களா? எப்ப நிறுத்துனோம்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். எப்சியும் அந்த ஊர்க்காரிதானே!

அவள் வேலை பார்க்கும் கம்பெனி, டாக்டர்கள் பேசுவதைக் கேட்டு டைப் அடிப்பதற்கான மென்பொருள் செய்கிறது. தனியாக ஒரு பிளேயரைத் திறக்காமல், திரையில் டைப் அடிக்கிற அதே ஜன்னலுக்குள் சத்தம் நேரலையாக வந்துகொண்டிருக்கும். அந்தப் பகுதி முழுக்க, அதன் இரைச்சல் வடிகட்டியோடு சேர்த்து, எப்சி கைப்பட எழுதியது.

ஊரப்பாக்கத்தில் அவள் அக்கா அபிகாயில் ஐந்தாம் மாதத்தோடு படுத்த படுக்கையாகக் கிடந்தாள். ஏற்கெனவே இரண்டு கலைந்துபோய்விட்டன. இதுவாவது தங்க வேண்டும். ஸ்கேனில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் குழந்தை அசைவது அவளுக்கு இன்னும் தெரியவில்லை. அந்தப் பயமே அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"அம்மா வூட்டு சத்தத்தயாச்சும் கேட்டுகினு கெடக்கணும் போல கீதுடி" என்றாள் ஒருநாள்.

எப்சிக்கு மனசு கேட்கவில்லை. தான் எழுதிய பகுதியை வைத்தே அக்காவின் லேப்டாப்புக்கு ஒரு சின்னச் செயலி செய்தாள். ஒரே ஜன்னல், ஒரே பொத்தான். அம்மா ரோஸியின் சமையல்கட்டில் ஒரு மைக். அவ்வளவுதான், பொழிச்சலூர் வீடு பகலெல்லாம் ஊரப்பாக்கத்துக்குள் மெதுவாகக் கசிய ஆரம்பித்தது. வளையல் சத்தம், வெங்காயம் நறுக்கும் சத்தம், அம்மா வாய்க்குள்ளேயே முணுமுணுக்கும் ஜெபம். கண்ணை மூடினால் அபிகாயில் அந்தச் சமையல்கட்டுத் தரையில் தலகாணி போட்டுப் படுத்திருப்பாளாம். அம்மா அவளைச் சுற்றிக்கொண்டு போவாளாம், வருவாளாம்.

அந்த வாரமே போனில் அழுகை.

"இன்னாத்தடி மறைக்கிறீங்க? 'அபிக்கு டாக்டரு'ன்னு அம்மா ஆரம்பிக்குது, அப்டியே கப்சிப்! என் புள்ளைக்கு இன்னா ஆச்சு, சொல்லித் தொலைங்களேன்!"

எதையும் மறைக்கவில்லை என்று ரோஸி கர்த்தர்மேல் சத்தியம் செய்தாள். எப்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவை லைனில் வைத்துக்கொண்டே ஹெட்போனை மாட்டி, அக்காவுக்குப் போகும் அதே சத்தத்தைக் கேட்டாள். அம்மா பேச்சு பாதியில் நின்றது. காதுக்குள் மயான அமைதி. நிமிர்ந்தால், ஜன்னல் கம்பி அதிர மேலே ஒரு விமானம். அம்மா கரண்டியும் கையுமாக நிற்கிறாள்.

அட மடச்சாம்பிராணி! இரைச்சல் வேண்டாமென்று தானே வைத்த வடிகட்டி விமானத்தைத் துடைத்துப் போட்டிருக்கிறது. நின்றுபோன பேச்சு மட்டும் அக்காவிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பாவம் அக்கா, எத்தனை பயம் பயந்தாளோ!

வடிகட்டியைத் தூக்கி எறிந்தாள். "அக்கா, ஹெட்போனக் கழட்டு. சத்தமா வச்சிக் கேளு. பேச்சு ஏன் நிக்குதுன்னு உனக்கே தெரியும்."

அடுத்த விமானம் வீட்டையே உலுக்கிக்கொண்டு போனது.

"அக்கா? இருக்கியா?"

"வாய மூடுடி... அடுத்தது எப்போ வரும்?"

"எது?"

"ஏரோப்ளேனுதான்! உள்ள முட்டுச்சுடி எப்சி. இப்பதான், அந்த சத்தத்துக்கு."

எப்சி மொட்டைமாடிக்கு ஓடினாள். கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், சீக்கிரம் வா, சீக்கிரம் வா என்று வெறும் வானத்தைக் கெஞ்சிக்கொண்டு நின்றாள்.